மூச்சு மாற்றும் இடம்

ஜூன் விடுமுறை, இரண்டாம் வாரம்,
சாங்கிக் கடலோரம். ஆறு பேருக்கு ஓர் அறை.
முதல் சண்டை ஏர்கானுக்கு.
தொண்டை கட்டும், அணை என்றாள் இல்யானா.
வெந்து சாவோம், போடு என்றாள் சூ யிங்.
பதினாறு டிகிரிக்கும் இருபத்தெட்டுக்கும் இடையே
ரிமோட் மட்டும் தூங்காமல்
கட்டில் விட்டுக் கட்டில் போய்க்கொண்டிருந்தது.

காலை ஏழு மணி.
நாற்பத்து மூன்று பேர் புல்தரையில் நின்று
உதடு துடிக்க உறுமினோம், படகு எஞ்சின்களாக.
குரலுக்கு அதுதான் முதல் வேலை.
உபின் தீவுக்குச் சைக்கிள் தள்ளிவந்த ஒருவர்
படகுத்துறை வழியில் நின்று பார்த்தார்,
கைபேசியை எடுத்தார், பிறகு
என்ன நினைத்தாரோ, உள்ளே வைத்துக்கொண்டார்.

நான் ஆல்ட்டோ. அதிலும் இரண்டாம் ஆல்ட்டோ.
மெட்டு எங்கள் பக்கம் வருவதேயில்லை.
சொப்ரானோக்கள் மாடிமாடியாக ஏறிப்போவார்கள்,
நாங்கள் கீழ்த்தளத் தூண்கள்:
ஒரே சுருதி, பதினோரு கட்டம், ஒரே எழுத்து,
‘லூ’.
பன்னிரண்டாம் கட்டத்தில் ‘க்ஸ்’.
லத்தீனில் வெளிச்சம் என்று அர்த்தமாம்.
நாற்பத்து மூன்று வாயும் அந்த ‘க்ஸ்’ஸை
ஒரே நொடியில் மூட வேண்டும்.
முதல் நாள் அது எண்ணெயில் விழுந்த கடுகு,
இரண்டாம் நாள் காற்று இறங்கும் டயர்.

மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம்.
கையைக் காற்றில் நிறுத்திவிடுவார் மிஸ் ஆங்.
நாங்களும் பாதி திறந்த வாயோடு நிற்போம்,
பல் மருத்துவரிடம் வந்தவர்கள் மாதிரி.
போகப்போக அதுவும் சுருதி இறங்குகிறது என்று
ரஃபாயேல் கண்டுபிடித்துச் சொன்ன மதியம்
அவர்கூடச் சிரித்துவிட்டார்.

பதினோரு கட்டத்துக்கு ஒருவர் மூச்சு போதாது.
ஆகவே சட்டம்:
பக்கத்திலிருப்பவள் வாங்கும் இடத்தில் நீ வாங்காதே.
நடுவில் நழுவி வெளியே போ, எடுத்துக்கொள்,
போனது தெரியாமல் திரும்பி வா.
தாளில் பென்சிலால் காற்புள்ளி போட்டுக்கொண்டோம்.
இல்யானாவுக்கு நான்காம் கட்டம்,
மிஷேல் பெரேராவுக்கு ஐந்து,
எனக்கு ஏழு.
மூன்று நாளில் இவர்கள் குரலைவிட
மூச்சுதான் எனக்கு அதிகம் தெரியும்.
இல்யானா எடுக்குமுன் மூக்கில் ஒரு மெல்லிய விசில்.
மிஷேலுக்குக் குதிகால் எழும்பும்.

அன்றிரவு ஏர்கான் அணைந்திருக்கும் முறை.
மேல்கட்டிலில் மிஷேலின் மூச்சு
தூங்குகிறவள் மூச்சாக இல்லை.
துண்டு துண்டாக வந்தது, தலையணைக்குள் போனது.
ஜன்னலுக்கு வெளியே முறை வராத கப்பல்கள்
விளக்கெரித்துக் காத்திருந்தன.
கேட்கலாமா என்று நினைத்தேன்.
கேட்கவில்லை.
கேட்காதது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

மறுநாள் கடைசி ஒத்திகை.
ஐந்தாம் கட்டத்தில் வெளியே போனவள்
திரும்பி வரவில்லை.
ஆறு.
ஏழு. என் காற்புள்ளி வந்தது,
அதைத் தாண்டிப் போனேன்.
விலாவுக்கு அடியில் ஏதோ கிழிகிற மாதிரி,
கண்ணுக்குள் மினுக்மினுக்கென்று,
எட்டு.
ஒன்பதில் என் வலப்பக்கம் குதிகால் எழும்பியது.
அவள் உள்ளே வந்தாள், நான் வெளியே போனேன்.
மிஸ் ஆங் எதையும் கவனிக்கவில்லை,
முடிந்ததும் டெனர்களைத்தான் திட்டினார்.
மிஷேல் தன் தண்ணீர் போத்தலை நீட்டினாள்.
அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை யீஷூன் வீட்டில்
பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை,
பாடிக்காட்டு என்றார் அம்மா.
ஃபேனை அணைத்துவிட்டு அப்பாவும் உட்கார்ந்தார்.
பாடினேன்.
லூ.
மேலும் லூ.
பாட்டு எப்போ ஆரம்பிக்கும் என்றான் தம்பி.
அப்பா அவன் தொடையில் தட்டினார்.
ஐந்தாம் கட்டத்தில், பழக்கம்,
வலப்பக்கம் சாய்ந்து கேட்டேன்.
குளிர்பதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது,
கிட்டத்தட்டச் சுருதியில்.
ஏழில் மூச்சு வாங்கினேன்,
எல்லோருக்கும் கேட்கும்படி.